காருக்குக் காப்பீடு உண்டு, காருக்குள் இருப்பவர்களுக்கு?

உங்கள் இல்லத்தில் கார் இருக்குமாயின், இக்கட்டுரையை மேலே படிக்குமுன் அதன் ஆர்.சி. புத்தகத்தையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் அலமாரியிலிருந்து எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? அந்தக் காரை அன்றாடம் ஓட்டுகிறவர் யார்?

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை. கார் தந்தையின் பெயரில் இருக்கும். தந்தையோ துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். தம்பியைப் பள்ளியில் விடுவதும், உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், விடுமுறையில் வரும் தந்தையை மீனம்பாக்கத்துக்குப் போய் ஏற்றி வருவதும் கல்லூரியில் படிக்கும் மகனின் பொறுப்பு. சில வீடுகளில் அப்பொறுப்பு மச்சானுடையது. சில வீடுகளில் சம்பளத்துக்கு அமர்த்திய ஓட்டுநருடையது. ‘ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறோம், கவலையில்லை’ என்பது இவ்வீடுகள் அனைத்திலும் கேட்கும் பேச்சு. எதற்கு ஃபுல், யாருக்கு ஃபுல் என்று விசாரித்து அறிந்தவர்கள் மிகச் சிலரே. விசாரிக்க நேர்வது பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான். அப்போது பாலிசியின் வாசகங்களை மாற்ற இயலாது.

மூன்றாம் தரப்பினர் என்பவர் யார்?

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அஃதின்றி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஒப்பந்தத்தில் முதல் தரப்பினர் வண்டியின் உரிமையாளர். இரண்டாம் தரப்பினர் காப்பீட்டு நிறுவனத்தார். சாலையில் நடந்து செல்பவரும், சைக்கிளிலோ வேறு வண்டியிலோ செல்பவரும் மூன்றாம் தரப்பினர் ஆவர். நம் வண்டி மோதி அவருக்கு மரணமோ காயமோ நேர்ந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை நமக்காக நிறுவனம் செலுத்துகிறது. அவரது உடைமைக்கு நேரும் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை செலுத்துகிறது.

இந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பை மட்டும் தரும் பாலிசியை ‘ஆக்ட் பாலிசி’ என்றும் ‘தர்ட் பார்ட்டி’ என்றும் வழங்குகிறோம். இதனோடு நம் காரின் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றையும் சேர்த்து எடுப்பது பேக்கேஜ் பாலிசி. மக்கள் ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்பதும் ‘ஃபர்ஸ்ட் பார்ட்டி’ என்பதும் இதனையே.

வெளிநாட்டில் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் பெற்றோர் ஒரு செய்தி கேட்டு வியந்திருக்கக் கூடும். அமெரிக்காவில் கார் காப்பீடு எடுக்கும்போது வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள், அவர்களுள் உரிமம் பெற்றவர் எவர், வயதென்ன, முன்பு விபத்து செய்தவரா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பதினெட்டு வயது மகனின் பெயர் பட்டியலில் ஏறினால் பிரீமியமும் உடன் ஏறுகிறது. மலேசியாவில் பாலிசியில் பெயர் குறிக்கப்படாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், சேதத்தில் ஒரு பகுதியை உரிமையாளரே தம் கைப்பணத்திலிருந்து ஏற்க வேண்டியிருக்கும்.

நம் நாட்டு முறை வேறு. இங்கே நிறுவனத்தார் பெரிதும் கேட்பது காரைப் பற்றித்தான்: எந்த மாதிரி, எத்தனை சி.சி., எந்த ஆண்டு, எங்கே பதிவானது. வீட்டில் ஓட்டுபவர் ஐவர் ஆயினும் ஒருவர் ஆயினும் கட்டணம் அதுவே. பாலிசியில் ‘ஓட்டுநர்’ என்ற தலைப்பின்கீழ் உள்ள வாசகத்தைப் படித்துப் பாருங்கள்: விபத்தின்போது செல்லத்தக்க உரிமம் வைத்திருக்கும் எவரும் ஓட்டலாம் என்பதே அதன் சாரம். இந்தத் தாராளத்தைக் கண்டு நம்மவர் ஏமாந்துவிடுகின்றனர். நிறுவனம் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால், வீட்டில் யார் ஓட்டலாம், யாருக்குப் பாதுகாப்பு எட்டும் என்று பார்க்கும் வேலை முழுவதும் குடும்பத் தலைவரின் தலையில் விழுகிறது.

ஓட்டுகிறவர் யார்?

உரிமம் பெற்ற மகனோ, மருமகனோ, பக்கத்து வீட்டு நண்பரோ உங்கள் சம்மதத்துடன் ஓட்டினால் பாலிசிக்குக் குறையில்லை. கார் ஓட்டப் பழகும் மனைவிக்கும் இது பொருந்தும். செம்பாக்கத்திலோ சேலையூரிலோ ஓர் உள்தெருவில், பழகுநர் உரிமத்துடன், முன்னும் பின்னும் ‘எல்’ பலகை மாட்டி, உரிமமுள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்பிக்கும்போது விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பை மறுக்க முடியாது. எல்.எல்.ஆர். வாங்கிய மறுநாளே தனியே எடுத்துச் செல்வதுதான் வம்பு.

சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்போர், அவருக்கான சட்டப் பொறுப்பு என்ற வரி பாலிசியில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். அதற்காகும் தொகை மிகச் சொற்பம். அவருடைய உரிமம் போலியானதன்று என்பதை உறுதி செய்துகொள்வதும் உங்கள் கடமையே.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருவோர் கவனிக்க வேண்டியது, இங்குள்ள உரிமத்தின் காலாவதி நாள். முன்பு காலாவதிக்குப் பின்னும் முப்பது நாள் உரிமம் செல்லுபடியாகும் என்ற சலுகை இருந்தது; 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. காலாவதியாகி ஓராண்டும் கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டியே பெற வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறவருக்கு இது எளிதில் நழுவிப்போகும் தேதி.

இனி, உரிமமே இல்லாத பிள்ளைகள். மாலை நேர மக்தபுக்குப் பதினான்கு வயதுச் சிறுவர்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்குவதை நாம் காணாமலில்லை. ‘தெருவுக்குள்தானே ஓட்டுகிறான்’ என்று பெற்றோர் கூறுவர். பதினாறு வயதில் பெறக்கூடிய உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. இன்று வீடுகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் நூறு சி.சி.க்கு மேற்பட்டவை. 2019 இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவன் இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற இயலாது.

இவற்றினும் கனமானது இழப்பீட்டுச் சுமை. ஸ்வரண் சிங் வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியை வகுத்தது. ஓட்டியவருக்கு உரிமம் இல்லாவிடினும், போலி உரிமமாயினும், அடிபட்ட மூன்றாம் தரப்பினர் அதனால் நட்டமடையலாகாது. ஆகவே நிறுவனம் அவருக்குப் பணத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். உரிமையாளர் தெரிந்தோ அசட்டையாலோ ஒப்பந்தத்தை மீறினார் என்பதை நிறுவனம் மெய்ப்பித்தால், கொடுத்த தொகையை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். குடும்பத்துக்குச் சோறு போட்டவர் இறந்த வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களாக விதிக்கப்படுவது சாதாரணம். வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய தொகையாகவும் அது இருக்கலாம்.

விமான நிலையத்துக்கு அண்மையில் வாழும் நமக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஹஜ், உம்ரா செல்வோரையும் வளைகுடாப் பயணிகளையும் கொண்டுவிட, சொந்த உபயோகக் காரை, அதாவது ‘ஓன் போர்டு’ வண்டியை, வாடகைக்கு அனுப்புவோர் இருக்கின்றனர். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தக் கூடாது என்ற விதி அச்சிடப்பட்டிருக்கிறது. உறவினரை அன்பின் பேரில் ஏற்றிச் செல்வதற்குத் தடையில்லை. கட்டணம் பேசி ஏற்றியது விசாரணையில் தெரியவந்தால், கார் சேதத்துக்கு நிறுவனம் கைவிரித்துவிடலாம்.

அவல்பூந்துறை வழக்கு

நம் மாநிலத்திலேயே எழுந்த ஒரு வழக்கை வாசகர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஈரோடு மாவட்டம் அவல்பூந்துறை அருகே நிகழ்ந்த விபத்தில் காரில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்தாருக்கு 14 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பாயம் 2019 இல் காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அந்தக் காருக்கு இருந்தது ‘ஆக்ட் பாலிசி’ மட்டுமே. அது காருக்கு வெளியே உள்ளவர்களுக்கானது, உள்ளே பயணித்தவர்களுக்கு அன்று என்பது அதன் வாதம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது.

தீர்ப்பு வழங்கிய நீதியரசர் எஸ். வைத்தியநாதன் அத்துடன் நிற்கவில்லை. கார் வாங்குவோருக்கு இந்த வேறுபாடு எடுத்துச் சொல்லப்படுவதில்லை என்று வருந்திய அவர், 2021 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் ஆகிய அனைவரையும் உள்ளடக்கிய ‘பம்பர் டு பம்பர்’ காப்பீட்டை ஐந்தாண்டுக்குக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். நாடெங்கும் அது பேசப்பட்டது. உடனடியாக நடைமுறைப்படுத்த இயலாது எனக் காப்பீட்டுத் துறையினர் முறையிட, அதே செப்டம்பரில் அந்தக் கட்டாய ஆணை திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இயற்றுவோர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. பழைய நிலையே இன்றும் நீடிக்கிறது.

அப்பழைய நிலையை உச்ச நீதிமன்றம் 2012 இல் பாலகிருஷ்ணன் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது: பேக்கேஜ் பாலிசியாயின் காருக்குள் பயணிப்போருக்கும், இருசக்கர வண்டியில் பின்னால் அமர்வோருக்கும் நிறுவனம் பொறுப்பேற்கும், ஆக்ட் பாலிசியாயின் பொறுப்பேற்காது. உங்கள் காரில் வரும் உங்கள் மாமனார், மனைவியின் சகோதரி, அண்டை வீட்டு மூதாட்டி ஆகியோரை எண்ணிப் பாருங்கள். பழைய கார்தானே என்று சில ஆயிரம் மிச்சம் பிடிக்க தர்ட் பார்ட்டிக்கு மாறியவர், அவர்கள் அனைவருக்குமான பொறுப்பைத் தம் தலைமேல் தாமே ஏற்றிக்கொள்கிறார். கூட்டமாக ஏறி வேலூருக்கும் நாகூருக்கும் திருமணத்துக்குச் செல்லும் நம் வழக்கத்துக்கு இது சிறிய செய்தியன்று.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே பதினைந்து லட்சம்

மூன்றாம் தரப்பு அந்நியருக்கு, பயணிகளுக்கு பேக்கேஜ். காரை ஓட்டியவருக்கு? ‘உரிமையாளர்–ஓட்டுநர்’ தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி பாலிசியில் இருக்கும். முன்னர் இதன் தொகை காருக்கு 2 லட்சமாகவும் இருசக்கர வண்டிக்கு 1 லட்சமாகவும் இருந்தது. இது போதாது, 15 லட்சமாக உயர்த்துக என்று 2017 அக்டோபரில் உத்தரவிட்டதும் சென்னை உயர் நீதிமன்றமே. அதன்படி 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இந்தியா முழுமைக்கும் அத்தொகையை நிர்ணயித்தது.

ஆனால் அந்தப் பெயரை ஊன்றிப் பாருங்கள். உரிமையாளராகவும் இருந்து, ஓட்டுநராகவும் இருந்தால்தான் இது கிடைக்கும். கார் தந்தையின் பெயரில் இருந்து மகன் ஓட்டும்போது, எதிர் வண்டியின் மேல் தவறில்லாமல், தானே தடுமாறிச் சுவரில் மோதி இறந்தால் அம்மகனின் குடும்பத்துக்கு இந்தப் பதினைந்து லட்சம் வராது. ‘மூன்றாம் தரப்பு’ என்று கேட்கவும் வழியில்லை. பிறர் வண்டியை வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என 2009 இல் நிங்கம்மா வழக்கிலும், 2020 ஜனவரியில் ராம்கிலாடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தாம் தமக்கே மூன்றாமவராக இருத்தல் எங்ஙனம்?

இதே குறை, பரிவின் பேரில் மனைவியின் பெயரில் கார் வாங்குகிற வீடுகளிலும் உண்டு. மனைவிக்கு உரிமம் இல்லை, கணவர் ஓட்டுகிறார். கணவரோ உரிமையாளர் அல்லர். மனைவியோ ஓட்டுநர் அல்லர். இருவருக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டாது. இத்தகைய வீடுகளில் பரிகாரம் இரண்டே. அன்றாடம் ஓட்டுபவரின் பெயருக்கு ஆர்.சி.யை மாற்றிவிடலாம், அஃது இயலாதெனில் ஓட்டுபவரின் பெயரில் தனியே விபத்துக் காப்பீடு எடுக்கலாம். ஒரே உரிமையாளருக்கு இரண்டு மூன்று வண்டிகள் இருப்பின், பதினைந்து லட்சத்துக்கான ஒரே பாலிசி அனைத்துக்கும் போதும். வண்டிதோறும் கட்டத் தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இவ்விடத்தில் வாசகர் சிலரின் உள்ளத்தில் எழும் வினாவை ஒதுக்கிச் செல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா? 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நிலையான பிரீமியத்துடன் கூடிய வணிகக் காப்பீட்டில் ‘ஃகரர்’ எனும் நிச்சயமின்மை மிகுந்துள்ளதெனக் கூறி அதனை ஏற்கவில்லை. கூட்டுறவு முறைக் காப்பீட்டைப் பரிந்துரைத்தது. அம்முறையில் அமைந்த தக்காஃபுலுக்கு மலேசியா 1984 இலேயே சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. அரசு கட்டாயப்படுத்தும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் எடுப்பதை உலமாக்கள் பலரும் அனுமதிப்பர். அதற்கு மேற்பட்டதில் கருத்து வேறுபாடு உண்டு. தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆயினும் பேணுதலால் ஒதுங்குகிறவர் வேறு, பணத்தை மிச்சம் பிடிக்க ஒதுங்குகிறவர் வேறு என்பதை மட்டும் கூறுவேன். முன்னவர், விபத்து நேர்ந்தால் பயணிகளுக்குரிய ஈட்டுத்தொகையைத் தாமே கொடுக்க வேண்டிவரும் என்பதை அறிந்தே ஒதுங்க வேண்டும். தவறுதலாக நேர்ந்த கொலைக்கான ஈட்டுத்தொகையைக் குலத்தார் கூடிப் பகிர்ந்து செலுத்தும் ‘ஆகிலா’ முறையை ஃபிக்ஹு நூல்களில் ஓதியிருக்கிறோம். இன்று அடிபட்டவரின் வாரிசுகளுக்கு நம்முடைய குலத்தார் எவரும் முன்வந்து பங்கு கொடுக்கப் போவதில்லை.

பிரீமியம் எப்படிக் கணக்காகிறது?

மூன்றாம் தரப்புக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த ஆணைப்படி, ஆண்டொன்றுக்கு 1,000 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. இருசக்கர வண்டியில் 75 முதல் 150 சி.சி. வரை 714 ரூபாய். மின்சார வண்டிகளுக்கு 15 விழுக்காடு தள்ளுபடி.

புதிய கார் வாங்கும்போது மூன்றாண்டுக்கும், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக்கும் மூன்றாம் தரப்புப் பிரீமியத்தை மொத்தமாக வாங்கிவிடுகிறார்களே என்று கேட்பவர் உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் பிறந்த உத்தரவு அது. முதலாண்டு எடுத்துவிட்டுப் பிறகு புதுப்பிக்காமலே ஓடும் வண்டிகளால் அடிபட்டவர்கள் நிர்க்கதியாகின்றனர் என்பதே காரணம்.

நம் காரின் சேதத்துக்கான பகுதி அவ்வாறன்று. 2007 முதல் அதன் விகிதத்தை நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்கின்றன. ஆதலின் நான்கு இடத்தில் விலை கேட்டு எடுப்பதே அறிவுடைமை. காரின் ‘ஐ.டி.வி.’ எனப்படும் மதிப்பை ஒட்டி இது அமைகிறது. கடை விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்த தொகை அது: ஓராண்டைக் கடந்த காருக்கு 20 விழுக்காடு கழிவு, இரண்டாண்டைக் கடந்ததற்கு 30, மூன்றைக் கடந்ததற்கு 40, நான்கைக் கடந்ததற்கு 50. கார் களவு போனால் கைக்கு வருவது இந்த மதிப்பே. பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக ஐ.டி.வி.யைத் தாழ்த்திப் போடும் முகவர்களும் உளர். பாலிசியில் அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள்.

ஒரு பாலிசியாண்டில் இழப்பீடு கேட்காதிருந்தால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ கிடைக்கும். முதலாண்டு 20 விழுக்காடு. பின்னர் 25, 35, 45 என்று ஏறி 50 இல் நிற்கும். இது சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே உரியது. இதன் மதிப்பை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 1,200 சி.சி. கார் ஒன்றுக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றும், உங்களுக்கு 35 விழுக்காடு போனஸ் சேர்ந்துள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். 8,000 என்பது 5,200 ஆகிவிடும். மூன்றாம் தரப்பு 3,416 சேர்த்தால் 8,616. இதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. (நம் வாசல் வழியே ஓடும் ஜி.எஸ்.டி. வேறு, இது வேறு. இரண்டுமே நெரிசல் மிக்கவை!) சேர ஏறத்தாழ 10,167 ரூபாய்.

புதுப்பிக்கும் முன்னர் முன் பம்பர் உடைந்தது. விலை 3,000 ரூபாய். நிறுவனத்திடம் கேட்கிறீர்கள். சாதாரண பேக்கேஜ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவர், ஆக 1,500. அதில் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் கழிந்து கையில் வருவது 500. போனஸ் முழுவதும் போய்விட்டதால், புதுப்பிக்கும்போது கட்டுவது 13,471 ரூபாய். ஐந்நூறு ரூபாய்க்கு மூவாயிரத்து முந்நூறு ரூபாயை இழந்ததாயிற்று. கழிவின்றி முழு விலையும் தரும் கூடுதல் பாதுகாப்பை எடுத்தவருக்கு முதற் கணக்கு மாறும். போனஸ் கணக்கு மாறாது. ‘இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் பாய்’ என்று ஒர்க்ஷாப்பில் ஆசை காட்டும்போது இதனை நினைவில் கொள்ளுங்கள்.

போனஸ் காருக்குரியதன்று, ஆளுக்குரியது. பழைய காரை விற்றுப் புதியது வாங்குகிறவர், நிறுவனத்திடம் அதற்கான கடிதம் பெற்றால் மூன்றாண்டுக்குள் புதிய காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்துவிட்டால் போனஸ் கரைந்துபோகும்.

முடிச்சூரும் பள்ளிக்கரணையும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து சென்றதைக் கண்டோம். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின் மேல் கார்களை நிறுத்துவதையும் கண்டிருக்கிறோம். மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருந்தவருக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு காசும் வராது.

பேக்கேஜ் வைத்திருந்தவரும் ஒரு பிழையால் நட்டமடைவதுண்டு. நீர் புகுந்த காரைக் ‘கிளம்புகிறதா’ என்று சாவி திருகிப் பார்ப்பதே அது. என்ஜினுக்குள் நீர் ஏறிய நிலையில் முடுக்கினால் உட்பாகங்கள் வளைந்து முறிகின்றன. அது வெள்ளத்தால் நேர்ந்ததன்று, முடுக்கியதால் நேர்ந்தது என நிறுவனம் வாதிடும். நீர் வடிந்ததும் காரைத் தொடாமல் படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்கள். தாழ்வான பகுதியில் வசிப்போர் என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் வரியையும் சேர்த்துக்கொள்வது நலம்.

விற்ற காரும் விட்டுச் சென்ற காரும்

29, 30 ஆம் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு, காரை மறந்துவிடுவோர் பலர். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறார். அவரிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது: பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு அவரே பொறுப்பு. எனவே தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் காணும் வரை அந்தக் கார் உங்களுடையதே. வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு: பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிடினும் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு காரோடு தொடரும். காரின் சேதத்துக்கான பாதுகாப்பு தொடராது.

குடும்பத் தலைவர் வஃபாத்தானால், வீட்டையும் நிலத்தையும் பற்றி உடனே பேசுகிற வாரிசுகள் வாசலில் நிற்கும் காரைப் பற்றிப் பேசுவதில்லை. மூத்த மகன் ஓட்டிக்கொண்டிருப்பார். பாலிசியும் ஆண்டுதோறும் மறைந்தவரின் பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டு வரும். பாலிசிதாரர் இறந்தால், இறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ பாலிசி முடியும் நாளோ எது முந்துகிறதோ அதுவரைதான் பாதுகாப்பு நீடிக்கும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. அதன் பின் மறைந்தவரின் பெயரில் கட்டும் பிரீமியம் எதற்கும் உறுதியாகாது. முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31 ஆம் படிவத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். மறைந்தவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ், காரை ஏற்றுப் பயன்படுத்தும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வந்து சேரும், கேட்டுப் பெறுங்கள்.

நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்துள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.